புவனகிரிப் பாலத்தில் தட்டிய இன்ஜின்

கார் இன்ஜினில் பிளக் மாற்றுவது கொஞ்ச நேர வேலைதான். மாற்றச் சம்மதிக்க வைப்பதுதான் தொழில்.

அறுபதுகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ராமலிங்கம் மாமாவின் பெட்ரோல் பங்க்கை ஒட்டி எனக்கு ஒரு தகர ஷெட். மாமா என்றால் உறவில்லை. அந்த மூலையைக் கேட்டு நான் அவரோடு மல்லுக்கு நின்றதில் ஒட்டிக்கொண்ட முறை. எனக்குப் படிப்பு ஏறவில்லை. லாரி ஷெட்டுகளில் அடி வாங்கிக் கற்றதுதான் எல்லாம். கத்தரிக்காயிலிருந்து கல்யாணப் பந்தல் வரை பேரம் பேசாமல் விட்டதில்லை. கோபமும் அப்படித்தான், கூடவே வரும். கார் வைத்து நொந்தவர்களே, உங்கள் முகமும் இதில் எங்காவது தெரியும்.

மூன்று நிரபராதிகள்

கோர்ட்டுக்குப் போகிற வழியில் வக்கீல் ஒருவர் வண்டியை விட்டார். இன்ஜின் ஒரு காலை நொண்டிக்கொண்டு ஓடியது. நான்கு பிளக்கையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தேன். ஒன்று கரிக்கட்டையாகக் கிடந்தது. மற்ற மூன்றும் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தன. நான்கையும் மாற்றுங்கள் என்றேன். அவர் ஒன்றோடு நிறுத்தப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. "சட்டம் நீங்க படிச்சது, பிளக் நான் படிச்சது" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கறுப்புக் கோட்டை உதறி மாட்டிக்கொண்டு சொன்னார்: "மூணு பேர் நிரபராதிப்பா. குத்தம் பண்ணவனை மட்டும் தூக்குல போடு."

கூழாங்கல் சத்தம்

லால்பேட்டை காசிம் பாய் பினாங்கில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். இனிமேல் கடல் தாண்டுவதில்லை என்று முடிவெடுத்து, இருந்ததையெல்லாம் போட்டு அங்கே வாங்கிய காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்குகிற சனங்களை லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் என்று ஏற்றிப் போய்ப் பிழைப்பதாக எண்ணம்.

எங்கள் பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போன அந்த இன்ஜின் புவனகிரிப் பாலத்து ஏற்றத்தில் தட்டியது; வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். பிளக்கைக் கழற்றினேன். நல்ல பிளக்கின் நுனி பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். இதில் பீங்கான் வெளுத்து, சின்னச் சின்ன உலோகப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. உள்ளே பிஸ்டனின் மேல்தோல் உருக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். புதுப் பிளக் போடலாம். அதுவும் இதே மாதிரி வெளுக்கும் என்றேன்.

பாய் அந்த வெளுத்த பிளக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நின்றார். "இது ஓடுனா நான் ஊர்ல. நின்னா மறுபடியும் கப்பல். பொண்டாட்டிகிட்ட இனிமே சபர் கெடையாது, கடல் பயணமே கெடையாதுன்னு சொல்லிட்டேன் தம்பி."

யார் மேல் தப்பு

போட்ட புதுப் பிளக்கும் வெளுத்து மறுபடி வந்தபோது பாய் நேராக பங்க்குக்குப் போய் நின்றார். "பெட்ரோல்ல கிருஷ்ணாயில் கலக்குறீங்க!" மாமா என் பக்கம் திரும்பி, "இவன் கைவச்சதாலதான் கெட்டுது" என்றார். பாயைப் பகைத்தால் லால்பேட்டை வண்டிகள் வராது. மாமாவைப் பகைத்தால் ஷெட்டே இருக்காது. இரண்டு பேரையும் விடக் குரலை உயர்த்தி, "வாயை மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வாங்க" என்றேன்.

வெள்ளைத் தாளில் பெட்ரோல் ஒரு சொட்டு விட்டேன். கறையில்லாமல் காய்ந்தது. கலப்படம் இல்லை. அதே பெட்ரோலில் மாமாவின் கிழட்டுக் கார் மூச்சுக்கூட விடாமல் மேடு ஏறியது. பாயின் இன்ஜினிலும் பிறவிக் கோளாறு கிடையாது. அது பெட்ரோல் ஆவியை இறுக்கி நசுக்குகிற ஜாதி. அந்த இறுக்கத்தைத் தாங்குகிற உசத்திப் பெட்ரோல் பினாங்கில் கிடைத்தது. நம் பக்கம் வருவது அவ்வளவு தாங்காது, நேரத்துக்கு முன்னால் வெடித்துவிடும், அதுதான் அந்தத் தட்டல். பெட்ரோலும் நல்லது, வண்டியும் நல்லது, சேர்ந்தால்தான் ஆகாது என்றேன்.

மாமா பெருமூச்சு விட்டார். "அட, எங்க வூட்டு ரெண்டு மருமகளுங்க மாதிரியா மாப்ளே!"

பாச்சை உருண்டை

வழி இருந்தது. இன்ஜினின் மூடியான ஹெட்டுக்கு அடியில் பேக்கிங் என்கிற செம்புத் தகடு இன்னொன்று கொடுத்து இறுக்கத்தைக் குறைக்கலாம். பிளக்கில் பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஆனால் இன்ஜினின் பலம் குறையும். "பினாங்குல எந்த வண்டியும் இதை முந்துனது கெடையாது" என்று பாய் ஒத்துக்கொள்ளவே இல்லை. நான் ஸ்பானரைத் தரையில் எறிந்தேன். "ரோட்டுல முந்தப் போறீங்களா, குடும்பம் நடத்தப் போறீங்களா?" அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் யாரோ ஒரு மச்சான் யோசனை சொல்லியிருக்கிறார். பீரோவில் போடுகிற பாச்சை உருண்டையை டேங்க்கில் போட்டால் எந்தப் பெட்ரோலும் உசத்தியாகிவிடும் என்று. போட்டார். தட்டுகிற சத்தம் குறையவும் குறைந்தது. மார்கழிக் குளிர் வந்ததும் உருண்டை உள்ளேயே படிந்து, பெட்ரோல் பாய்கிற கார்புரேட்டரின் ஊசித் துளையை அடைத்துவிட்டது. கல்யாணத்துக்கு ஏற்றிப் போன கூட்டத்தோடு கார் பாலத்து ஏற்றத்தில் நின்றது. எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

நான் போனபோது புவனகிரி அம்மாள் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி நின்றாள். "ஏம்பா, இது காரா, பட்டுப்பொடவை வச்ச பொட்டியா?"

பின்சீட்டுக் குரல்

அன்றைக்கு பாய் என்னிடம் பேரம் பேசவில்லை. எனக்கும் பேச மனசு வரவில்லை. ஸ்பானர் எறிகிற என்னாலும் ஒரு இன்ஜினை மிரட்டி அதற்கு ஆகாததைக் குடிக்க வைக்க முடியாது. டேங்க்கைக் கழுவி, பேக்கிங் கொடுத்து, சூட்டைச் சீக்கிரம் இறக்குகிற பிளக்குகளாகப் பார்த்து நான்கும் மாற்றினேன்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவர் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்தார். கப்பலா, ஊரா என்பது அவருக்கும் அந்தப் பாலத்தில்தான் தெரிய வேண்டியிருந்தது. ஏற்றம் வந்தது. பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காதைத்தான் தீட்டியிருந்தார். சத்தமில்லை. வண்டி மெதுவாக, மூச்சிரைக்காமல் ஏறியது. நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை முந்திப் போனது. பாயின் முகம் சுருங்கிவிட்டது. "பினாங்குல இது எப்படிப் பறக்கும் தெரியுமா" என்று முணுமுணுத்தார்.

பின்சீட்டிலிருந்து அவர் மனைவி சொன்னார்: "பறந்துருக்கும் மச்சான். அங்க நான் ஏறலையே."

அதற்கப்புறமும் கடலூரில் எவனிடமும் நான் விலையையும் குறைத்ததில்லை, கோபத்தையும் குறைத்ததில்லை. கிடைக்கிற பெட்ரோலுக்குத் தக்கபடி தன்னைக் குறைத்துக்கொள்ள ஒரு இன்ஜின் ஒத்துக்கொண்டதைப் பார்த்தும், எனக்கு மட்டும் இறுக்கத்தைக் குறைக்கப் பேக்கிங் போட இன்னும் ஆள் கிடைக்கவில்லை.