நாலு மூலைக் குமிழி

முனைவர் பட்ட ஆய்வின் கடைசி வருடம், எனக்கு உருண்டையாக ஒரு குமிழி வேண்டியிருந்தது. டிவி திரைக்குள் இருக்கிற திரவப் படிகம் மாதிரியான பொருளால் ஆன, வெறும் கண்ணுக்குத் தெரியாத சவ்வுக் குமிழி. பொங்கலுக்குள் அதன் படம் வராவிட்டால் கடைசி அத்தியாயத்தை மறந்துவிடு என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார்.

வந்ததெல்லாம் கோணல். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் யாரோ கிள்ளி இழுத்த மாதிரி நாலு மூலை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். மதுரைத் தண்ணீரைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன். திட்டி முடித்து ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் சிங்க்கில் ஊற்றினேன்.

பக்கத்து மேஜையில் ஆய்வு செய்தவன் அவனியாபுரத்துக்காரன், எனக்கு ஒரு வருடம் ஜூனியர். சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வான்.

"ஏங்க்கா அம்புட்டையும் ஊத்துறீங்க? எப்பவும் சரியா நாலு மூலைதான் வருது, கவனிச்சீங்களா?"

"உன் வேலையைப் பாருடா" என்றேன்.

அந்த ஆய்வகத்தின் ஸ்பிரிட் வாசனையும் நாலு மணி டீயும் அவன் சீட்டியும் இப்போதும் என்னை ஏங்க வைக்கும். அந்த ஒரு பதில் மட்டும் கூசும்.

பொங்கலுக்கு முந்தின வாரம், "எங்க மாட்டைப் பார்க்க வாங்கக்கா, கோவமாச்சும் குறையும்" என்று வீட்டுக்கு இழுத்துப்போனான். ஜல்லிக்கட்டுக் காளை. அதை வாங்க வந்திருந்தவர் உடம்பெல்லாம் தடவி, ராசிக்காக முடி எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுழியே இல்லாத மாடா வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றேன் கேலியாக.

"அது எங்கிட்டுக்கா கிடைக்கும்? முடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படிஞ்சு உடம்பைச் சுத்தி வருதுல்ல. எங்கயாச்சும் முட்டிச் சுழிக்கத்தானே செய்யும்? எந்த இடத்துல விழுந்திருக்குன்னுதான் பார்ப்பாக."

அடியாத்தி! என் சவ்விலும் அதே கதைதானே. குச்சி குச்சியான மூலக்கூறுகள் ஒரே பக்கமாகப் படிந்து நிற்கும். தட்டையான கண்ணாடியில் தொல்லையில்லை. உருண்டையாக மூடிக்கொண்டால் நாலு இடத்தில் வரிசை சுழித்துத்தான் ஆகவேண்டும். சவ்வு இளக்கமானது என்பதால் அந்த நாலு இடத்திலும் புடைத்து மூலையாகிவிடுகிறது. கெட்டுப்போனது எதுவுமில்லை. அந்த மூலைகள்தான் என் அத்தியாயம். ஒன்பது தடவை அதைச் சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன், மறுபடி செய்ய ரசாயனமும் தீர்ந்திருந்தது. மாட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன்.

விஷயத்தைக் கேட்டவன் தலையைச் சொறிந்தான். "அந்த நாலு மூலைக் குமிழி ஒரு குப்பி இருக்குக்கா. நீங்க டீக்குப் போனப்ப எடுத்து என் அலமாரியில வச்சேன். திட்டுவீங்கன்னு சொல்லல."

அந்தக் குப்பியிலிருந்துதான் படம் வந்தது, பட்டமும் வந்தது. இன்று ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அவன் ஆய்வைப் பாதியில் விட்டு அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பார்த்தவுடன், "அக்கா, நம்ம நாலு மூலைக்காரன் சௌக்கியமா?" என்பான்.

போன மாதம் கேட்டான்: "உங்க தீசிஸை ஒரு தடவை கொண்டாங்கக்கா. எம் மகளுக்குக் காட்டணும்."

நன்றியுரையில் வழிகாட்டி இருக்கிறார், பெற்றோர் இருக்கிறார்கள், டீக்கடைக்காரர்கூட இருக்கிறார். அவன் இல்லை. முதலில் கவனித்தது யார் என்று எவராவது கேட்டுவிடுவார்களோ என்று அதை எழுதிய அன்று எனக்குப் பயம்.

"அடுத்த வாட்டி எடுத்துட்டு வாரேன்" என்றேன். அதற்கப்புறம் மூன்று முறை அவன் பட்டறைக்குப் போய்வந்துவிட்டேன். மூன்று முறையும் தீசிஸ் என் பையில்தான் இருந்தது.