தோட்டத்தில் மட்டும் ஹுவோங்

லுவோம் தன் மகளை அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது பம்பளிமாசுத் தோட்டத்தில் மட்டும்தான். அதுவும் மாமியார் படகேறிச் சந்தைக்குப் போன பிறகு, கடைசி வரிசை மரங்களுக்கு அப்பால், குரலை இறக்கிக்கொண்டு.

"ஹுவோங்."

"இதோம்மா" என்று ஏதாவது ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வரும். பெரியவர்கள் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்க வேண்டும் என்று லுவோம் பழக்கியிருந்தாள். வாசற்படி ஏறியதும் அதே குழந்தை தவளையாகிவிடும். தவளை என்பது மாமியார் வைத்த பெயர். அந்த ஆற்றுத் தீவில் அது வசவு இல்லை. அழகான பெயர் கண்ணுக்குத் தெரியாதவர்களின் காதில் விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, தவளை, எலி, பன்றிக்குட்டி என்று வீட்டுப்பெயர் வைப்பது வழக்கம்.

லுவோமின் பெயரே அப்படி வந்ததுதான். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்களும் தங்கவில்லை. அதனால் அவள் பிறந்ததும் பாதையோரம் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரியை விட்டு எடுக்கச் சொன்னார்கள். லுவோம் என்றால் கீழே கிடந்து எடுத்தது. பிறகு வேறு பெயர் வைக்க யாருக்கும் ஞாபகமில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகை எடுக்கும்போது அவள் பெயருக்கு மட்டும் பின்வரிசை சிரிக்கும். கையைத் தூக்கிவிட்டுக் குனிந்துகொள்வாள். தனக்கு ஒரு பெண் பிறந்தால் அவள் பெயரைக் கேட்டவர்கள் மூக்கைச் சுளிக்காமல் மூச்சை இழுக்க வேண்டும் என்று அப்போதே நினைத்திருந்தாள்.

மகள் பிறந்தது பம்பளிமாசு பூத்த மாதம். வெள்ளைப் பூவின் வாசம் கூரைவரைக்கும் நின்றது. பிரசவித்த பாயில் படுத்திருந்தபோதே லுவோம் முடிவு செய்துவிட்டாள். ஹுவோங். நறுமணம்.

அவள் செய்த தப்பு, கேட்காமல் வைத்ததுதான். புகுந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்களையெல்லாம் கேட்டறிந்து, அவற்றை விலக்கித்தான் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையைத் திட்டும்போதெல்லாம் செத்தவர்களைத் திட்டியதாகிவிடும். புருஷன் மணல் ஏற்றும் படகில் வேலைக்குப் போயிருந்தான், போனால் திரும்ப மாதக்கணக்காகும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மாமியாரிடம் வாய்திறந்து கேட்க அவளுக்குப் பயம். தானே பிறப்புப் பதிவு ஆபீசுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்து, அடுக்களையில் நின்று பெயரைச் சொன்னாள்.

மீன் கழுவிக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது.

"அந்தப் பேரை இந்த வீட்ல யாரும் வாயில எடுக்கிறதில்ல" என்றாள். அவ்வளவுதான். மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

மிச்சத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, பிறந்த வரிசையை வைத்து எல்லோரும் ஏழாம் சித்தி என்று கூப்பிடுபவள்தான் சொன்னாள். "உன் புருஷனுக்கு அக்கா ஒருத்தி இருந்தா. அவளும் பூக்காலத்துல பொறந்தவதான், பேரும் இதேதான். ஆறு வயசு. ஒருநாள் உன் மாமியா அடுக்களையிலேருந்து சாப்பிடக் கூப்பிட்டிருக்கா. பதில் வரலை. படித்துறையில செருப்பு மட்டும் கெடந்துச்சு. பொழுது சாயுற வரைக்கும் ஆத்தோரம் முழுக்க அந்தப் பேரைக் கத்திக்கிட்டே ஓடினா. அதுக்கப்புறம் அவ வாயில அந்தப் பேரு வந்ததில்ல. உனக்கு வேற பேரே கெடைக்கலியா பிள்ளை?"

பெயரை மாற்றச் சொன்னார்கள். சரி என்றாள் லுவோம். மழை, அறுவடை, குழந்தைக்குச் சளி என்று தள்ளிப்போட்டாள். குழந்தைக்கு மூன்று வயதானது. கடைசியில் மாமனாரே தேதி குறித்துவிட்டார். ஆற்றில் போன மூத்தவளின் திதி முடிந்த மறுநாள் காலை படகை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவது என்று.

திதியன்று காலையிலிருந்து லுவோமுக்குக் கை ஓடவில்லை. இளநீரில் பன்றிக்கறியும் முட்டையும் கொதித்தன. பாகற்காய்க்குள் கறி அடைத்து சூப் வைத்தாள். சமையலுக்குக் கூட வந்த ஏழாம் சித்தி, காலடியில் தத்திக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

"தவளை தவளைன்னு கூப்பிட்டு, பாரு, குதிச்சுக்கிட்டேதான் திரியுது. இவளுக்கு மாப்பிள்ளையைக் குளத்துலதான் தேடணும்."

"நாளையிலேருந்து நல்ல பேரு வந்துரும்" என்றாள் மாமியார், திரும்பிப் பார்க்காமல். "லுவோம், உப்பு பாத்தியா?"

"பாத்தேம்மா."

உச்சிப்பொழுதில் இறந்தவர்களுக்கான பீடத்தில் சோறும் கறியும் வைத்தார்கள். மாமனார் ஊதுபத்தி கொளுத்தி நெற்றிக்கு நேரே பிடித்தார். இறந்தவளைப் பெயர் சொல்லிச் சாப்பிட அழைக்க வேண்டும். மற்ற வருஷங்களில் அது அவர் வாய்க்குள்ளேயே நடந்துவிடும், உதடு அசைவதுதான் தெரியும். இந்த வருஷம் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவருக்கே தெரிவதில்லை.

"ஹுவோங்" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "வாம்மா, வந்து சாப்பிடு."

"இதோ தாத்தா."

கதவோரத்திலிருந்து குழந்தை எழுந்து நின்றது.

யாரும் அசையவில்லை. மாமனாருக்கு மட்டும் கேட்கவில்லை. கண்ணை மூடியபடி இருந்தார். ஏழாம் சித்தி லுவோமின் காதருகே, "அவளே வந்து பேசுறா பிள்ளை, உன் குழந்தையைக் கூட்டிட்டுப் போகத்தான்" என்றாள். லுவோம் பாய்ந்து போய்க் குழந்தையை மடியில் அமுக்கி அதன் வாயைப் பொத்தினாள்.

மாமியார் மண்டியிட்ட இடத்திலிருந்து திரும்பினாள். "யார் பழக்கினது?"

"நான்தாம்மா."

"எங்க வச்சு?"

"தோட்டத்துல. நீங்க சந்தைக்குப் போறப்போ."

"எவ்வளவு காலமா?"

"பேச்சு வந்ததுலேருந்து. நாளைக்கு மாத்திரலாம்மா. இனிமே கூப்பிட மாட்டேன். அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

மூன்று வருஷம் பிடித்து வைத்திருந்ததை ஒரு மூச்சில் விட்டுவிட்டாள். வேறு எந்தப் பெயரானாலும் சரி, கீழே கிடந்து எடுத்தது என்றுகூட வைக்கட்டும் என்று தோன்றியது.

மாமியார் முழங்காலில் கையூன்றி எழுந்து அடுக்களைக்குள் போனாள். பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை. பிறகு அங்கிருந்து, அந்தப் பெயரைச் சொல்லும் பழக்கம் விட்டுப்போன ஒரு குரல் வந்தது.

"ஹுவோங்."

குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அதன் வாயை மூடியிருந்த கையை எடுப்பதா வேண்டாமா என்று லுவோமுக்குத் தெரியவில்லை.

"ஹுவோங். சாப்பிட வா."

லுவோம் கையை எடுத்தாள்.

"இதோ பாட்டி" என்று சொல்லிக்கொண்டே குழந்தை ஓடியது.

மறுநாள் ஆபீசுக்குப் போக மாமனார் படகைக் கட்டவிழ்த்தார். மாமியார் படித்துறைக்குப் போய்க் கயிற்றைத் திரும்பக் கட்டினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பெயருக்கு ஓய்வில்லை. அடுப்படியில் இருந்தும், கோழிக்கூண்டருகில் இருந்தும், மத்தியானத் தூக்கத்தின் நடுவிலும் மாமியார் கூப்பிடுவாள். எதற்கும் இல்லை. பதில் வந்தால் போதும், செய்த வேலையைத் தொடருவாள். பதில் வரத் தாமதமானால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிடுவாள். அந்த இடைவெளியை லுவோம் காதாலேயே அளக்கப் பழகிவிட்டாள்.

அடுத்த பூக்காலத்தில் ஒரு நாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே மாமியார் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கத்தி பலகைமேல் நின்றது. மூன்றாவது தடவை குரல் உயர்ந்தபோது லுவோம் வாளியைப் போட்டுவிட்டுப் படித்துறைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் மாமியாரின் வெறுங்கால் சத்தம் கேட்டது. படியில் செருப்பு எதுவும் இல்லை. தண்ணீர் கலங்காமல் போய்க்கொண்டிருந்தது.

"இதோ பாட்டி."

கடைசி வரிசை மரங்களிலிருந்து குழந்தை வந்தாள். சட்டை நிறைய உதிர்ந்த பூ.

"ஹுவோங், கூப்பிட்டா பதில் சொல்ல இவ்வளவு நேரமா? காது எங்க போச்சு?" என்று அதட்டினாள் மாமியார். பிறகு முந்திய பூக்காலம் வரைக்கும் வாயில் வராத அந்தப் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே, குழந்தையின் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப் போனாள்.

லுவோம் படியிலேயே உட்கார்ந்தாள். அடுக்களையில் கத்தி மறுபடி பலகையில் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தாள்.