மூச்சை அடைத்த குருத்தோலை

இப்போதெல்லாம் காருக்குள் வரும் காற்றை வடிகட்ட, மடித்த காகிதம் மாதிரி ஒரு ஃபில்டர் வைக்கிறார்கள். மெக்கானிக் அதை உருவி எடுத்து, "எவ்ளோ அழுக்கு பாருங்க மேடம், மாத்திடலாமா?" என்று கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எழுபதுகளில் இந்த வேலையை நான் மாதா கோயில் வாசலில், ஊரே பார்க்கச் செய்தேன். அனுமதி யாரிடமும் கேட்கவில்லை.

மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம் இருந்தது. அப்பாவிடம் ஒரு பழைய காரும் அதை ஓட்ட ஒரு டிரைவரும் இருந்தார்கள். நான் கிளியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். அப்பா காலையில் வெளிவேலையாகக் கிளம்பும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார். உப்பு லாரி கிளப்புகிற புழுதி அவருடைய வெள்ளைச் சட்டையில் படக் கூடாது. அதனால் நான்கு கண்ணாடிகளும் ஏற்றியே இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி உண்டு. அதைத் தள்ளினால் முன்கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்ன மூடி தூக்கிக்கொள்ளும். மூடிக்குக் கீழே கம்பி வலை. எங்களுக்கு வருகிற காற்று அந்த வழியாக வந்தால்தான் உண்டு.

அந்த வண்டியில் ஏறினால் எனக்கு இழுப்பு வந்தது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது நெஞ்சுக்குள் பூனை கத்தும். முதல் பீரியடில் பாதி நேரம் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

"உப்புக்காத்து உனக்கு ஒத்துக்கல. திங்கக்கிழமை ராஜினாமா எழுதிக் குடுத்துடு, நானே கூட வர்றேன்" என்றார் அப்பா. "இழுப்புக்காரின்னு பேரு வந்துட்டா எந்த மாப்ள வருவான்?"

உப்புக்காற்றாம்! அந்தக் காற்றில் பிறந்து வளர்ந்தவள் நான். உப்பள வரப்பில் ஒரு மணி நேரம் நடந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. வண்டி ரிப்பேருக்குப் போயிருந்த வாரம் பஸ் மாறி மாறிப் போனேன், ஒரு நாள்கூட இழுக்கவில்லை. இதைச் சொன்னால், "எதுத்துப் பேசக் கத்துக்கினே, அவ்ளோதான்" என்றார். பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

கோளாறு வண்டிக்குள் வருகிற காற்றில்தான் என்று பட்டது. சனிக்கிழமை டிரைவரிடம் அந்தக் காற்று மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னேன். அவர் கடலோரம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்துக்காரர், எங்கள் வேதத்துக்காரர் இல்லை. வண்டியைத் தினமும் பளபளவென்று துடைப்பவர். அன்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதுல மட்டும் நான் கை வெக்க மாட்டேன் டீச்சரம்மா. அது உங்க சாமி சமாச்சாரம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷா வருஷம் குருத்தோலை ஞாயிறன்று, பூசை முடிந்ததும் அப்பா கோயிலில் மந்திரித்துத் தந்த ஓலையைச் சிலுவையாக மடித்து அந்த மூடிக்குள் செருகுவார். வண்டிக்கு விபத்து வராது என்று நம்பிக்கை. பழையதை எடுப்பதில்லை; மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாதே. அதன் மேலேயே புதியது. நான்கு வருஷமாக இந்தக் கதை. வண்டிக்கு ஒரு கீறலும் விழவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது எனக்கு மட்டும்தான்.

மறுநாள் ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் அறிவித்தார்: விபூதிப் புதன் வருகிறது, நெற்றியில் பூசும் சாம்பலுக்கு எரிக்க வேண்டும், போன வருஷத்து ஓலைகளைக் கொண்டுவந்து கொடுங்கள். வெளியே, கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நேராக வண்டிக்குப் போய், டூல் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினேன்.

மேலே இருந்த சிலுவை மட்டும் ஓலை மாதிரி இருந்தது. அதற்குக் கீழே கறுப்பாக, ஈரமாக, பூஞ்சை பிடித்த சக்கை. உப்பில் ஊறிய தூசு. வலை துருப்பிடித்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. இதைத்தான் இத்தனை நாளும் மூச்சாக இழுத்திருக்கிறேன்.

"ஏய், என்ன பண்றே? மந்திரிச்ச ஓலை அது!" அப்பா ஓடி வந்தார். பூசைக்கு வந்த சனம் அப்படியே நின்றுவிட்டது.

"மந்திரிச்ச ஓலைய எரிக்கக் குடுக்கணும்னு சாமியார் இப்பதானேப்பா சொன்னாரு? வருஷா வருஷம் சொல்றாரு. நம்ம வண்டியிலேர்ந்துதான் போகல."

"வண்டி எங்கயாவது மோதிடுச்சுன்னா?"

"மோதினா நான் பொறுப்பு. எனக்கு மூச்சு நின்னுச்சுன்னா யாருப்பா பொறுப்பு?"

பயமாகத்தான் இருந்தது. அப்பாவிடம் நான்கு பேர் முன்னால் அப்படிப் பேசியதே இல்லை. ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய்ச் சாக்கில் போட்டேன். கோயில்பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சாக்கை இறுக்கிக் கட்டினார்.

வலைக்கு என்ன செய்வது? இரும்பு போட்டால் கடற்காற்றில் மறுபடி துருதான். அம்மாவின் மாவுச் சல்லடை பித்தளைக் கம்பி. அதன் வலையை வெட்டி எடுத்தேன்.

"இடியாப்ப மாவ எதுலடி சலிக்கிறது?" என்றாள் அம்மா.

"என் சம்பளத்துல புதுசு வாங்கித் தர்றேன். சம்பளம் வர்ற மாதிரி நீயும் அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசு."

அம்மா அப்பாவிடம் பேசவில்லை, ஆனால் சல்லடையைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. வலைக்கு மேல் மல் துணி இரண்டு மடிப்பு வைத்து முடுக்கினேன். சனிக்கிழமைதோறும் துணியை மாற்ற வேண்டும், துவைப்பது நல்ல தண்ணீரில்தான், உப்பளத்துக் கிணற்றுத் தண்ணீரில் துவைத்தால் உப்புப் பூத்துவிடும் என்று டிரைவரிடம் சொன்னேன். "துணிதானே டீச்சரம்மா, தாராளமா" என்றார்.

திங்கட்கிழமை அப்பா முன் சீட்டில் ஏறினார். சட்டைப் பையில் மடித்த வெள்ளைத் தாளும் பேனாவும் தெரிந்தன. பாதி தூரம் வரை எனக்கு மூச்சு சீராக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கொஞ்சம் திமிராகவே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் நெருங்கும்போது தொண்டையில் லேசாக ஒரு விசில். இருமலை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அப்பா திரும்பினார். "இழுக்குதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இழுக்குது. முன்ன மாதிரி இல்ல. ஆனா இழுக்குது."

"அப்ப ஓலையால மட்டும் இல்லியே" என்று தாளை வெளியே எடுத்தார். "இதுக்குத்தான் சொல்றேன். எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடு."

"எழுத மாட்டேன்ப்பா. மூச்சு என்னுது. பத்தலைன்னா நானே சொல்றேன். நீங்க சொல்ல வேணாம்."

வண்டி நின்றது. தாளை நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. நான் கதவைத் திறந்து இறங்கினேன். மணி அடித்துவிட்டிருந்தது. நெஞ்சு இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. அதோடு வகுப்பில் போய் நின்று, பிள்ளைகளை எழுதச் சொல்லாமல், அன்றைய பாடத்தை நானே சத்தமாக வாசித்தேன்.