மீசான் கட்டைகள் பிடுங்கப்பட்ட வெள்ளிக்கிழமை

எண்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்த என் கணவர் செருப்பைக் கழற்றாமல் அடுப்படி வரைக்கும் வந்தார்.

"மையவாடியில மீசான் கட்டையெல்லாம் புடுங்கிப் போட்டிரிக்கானுகள். கொஞ்சத்த எரிச்சும் இரிக்கானுகள்."

அடக்கியவர்களின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுகிற அந்த மரக்கட்டைகளை விட்டால் எங்கள் கபுறுகளுக்கு வேறு அடையாளம் இல்லை. பெயர் எழுதுவதும் இல்லை. கடற்கரை மணல், பெருங்காற்று அடித்தால் மேடும் பள்ளமும் ஒன்றுதான். அந்த மணலில், சின்னப் பிள்ளைகளை அடக்குகிற மூலையில்தான் முந்திய வருஷம் காய்ச்சலில் மவுத்தான என் மகள் கிடந்தாள். பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. நான் பெற்ற பிள்ளை எங்கே அடங்கியிருக்கிறாள் என்பது அவள் வாப்பாவுக்குத்தான் தெரியும்.

பொழுது ஏறுவதற்குள் பழி எங்கள் முஸ்லிம் ஊரை ஒட்டிய தமிழ் ஊருக்குப் போய்விட்டது. வழமையாக மீன் கொண்டுவரும் அக்கா அந்த ஊர்தான். அன்றைக்கு அவளுக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு வாசலும் திறக்கவில்லை. நான் திறந்தேன், மீனுக்காக அல்ல.

"ஒங்கட ஆக்கள்தான் செஞ்சதாம். உண்மையா அக்கா?"

"நான் மீன் விக்கிறவள் புள்ள. எனக்கென்ன தெரியும்?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஏன் நிலத்தைப் பார்க்க வேண்டும்? என் மகளை இடுப்பில் வைத்துக் கொஞ்சியவள்தான், இருந்தாலும் அன்றைக்கு அவள் மூச்சு விட்டதுகூட எனக்குக் கள்ளமாகப் பட்டது. மீன் வேண்டாம் என்று கதவைச் சாத்தினேன்.

பகல் சாப்பாட்டுக்கு என் தம்பி வந்தான். சவூதியில் வேலை செய்துவிட்டு வந்ததிலிருந்து, கபுறில் கட்டை நடுவது மார்க்கத்தில் இல்லை என்று பள்ளிவாசலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தவன். அவன் உடுத்தியிருந்த சாரத்து விளிம்பில் மணல். எங்கள் ஊரில் யாருடைய சாரத்தில்தான் மணல் இல்லை? ஆனாலும் கேட்டேன்.

"நீயாடா?"

பிசைந்த சோறு அவன் கையிலேயே நின்றது. "வாயால சொன்ன நான்தான் ராத்தா. கையால செய்யல்ல. ஒங்கட புள்ள கிடக்கிற இடமெண்டு எனக்குத் தெரியாதா?"

நம்பினேனா? இல்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. யார் செய்தது என்று இன்று வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் எல்லாரும் திரண்டு போய், புதுக்கட்டை சீவி நட்டுவிட்டு, பொழுதுபட மஃரிபுக்குத் திரும்பினார்கள்.

"நம்மட புள்ளைடயும் நட்டாச்சா மச்சான்?"

"ஓம் ஓம், எல்லாம் நட்டாச்சு."

அந்த இரண்டாவது ஓம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் காலை மீன்கார அக்கா மறுபடியும் வந்தாள். வெட்கம் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னாள்.

"வரக்குள்ள வேலிக்கு மேலால பாத்தன் புள்ள. முந்தியவிட வடிவா நட்டிருக்காங்க. கயிறு புடிச்ச மாதிரி, ஒரே நேர் வரிசை."

படைச்சவனே! பிள்ளைகள் என்ன வரிசையில் நின்றா மவுத்தானார்கள்? வாய்த்த இடத்தில், கோணலும் மாணலுமாக அல்லவா அடக்கியிருந்தார்கள்! கூடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கணவர் கடைக்குப் புறப்பட்டு, சேட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தார்.

"வடிவு பாத்து நட்டிரிக்கீங்க என்ன? அதுல எந்தக் கட்ட நம்மட புள்ளைட? சொல்லுங்க!"

பொத்தானில் இருந்த கை இறங்கியது. அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட.

"தெரியல்ல புள்ள," என்றார். "சின்னக் கபுறு எல்லாத்துக்கும் பக்கத்துல நிண்டு ஓதிட்டுத்தான் வந்தன். ஒண்டையும் விடல்ல."