போட்டோ எடுத்த வேட்பாளர்

பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் பக்கெட் விற்றவன் நான். இன்று அதே பஜாரில் மூன்று மாடிப் பாத்திரக் கடை. அசோக் நகரில் சொந்த வீடு. கே.கே. நகரில் கல்யாண மண்டபம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவனின் பத்தியை நீங்கள் வாராவாரம் படிக்கிறீர்கள் — அதுவும் நான் கட்டியதுதானே?

இப்போது இந்தக் கணக்கில் ஒரு கவுன்சிலரும் சேர்த்தி.

எங்கள் பின் தெருவில் தையல் வகுப்பு நடத்தும் பர்வீன், போன கவுன்சிலர் தேர்தலில் தோற்றவர். இந்தத் தடவையும் தோற்றால் கட்சியில் மறுபடி சீட் கிடையாது. அதனால் டிவி சீரியலில் மாமியாராக மிரட்டும் ஒரு நடிகையைப் பிடித்து, அவர் பர்வீனுக்கு ஓட்டுக் கேட்பதுபோல விளம்பர வீடியோ எடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றியது.

கடை வாசல் பூக்காரம்மாவிடம் கேட்டேன். "வீடியோ பார்த்தியாம்மா?"

"பார்க்காமயா? அந்த மாம்பழக் கலர் பட்டு சூப்பரா கீது."

"யாருக்கு ஓட்டுக் கேட்டாங்க?"

"அத்த எங்க கவனிச்சேன்…"

எனக்கு ஆச்சரியமே இல்லை. என் கடையை ஒரு சினிமா ஸ்டார்தான் திறந்துவைத்தார். ரோடு கொள்ளாத கூட்டம். ஒரு கரண்டிகூட விற்கவில்லை.

கடைசி வாரம் நடிகையே பிரசாரத்துக்கு வந்தார். வேன் நின்றது என் கடை வாசலில். ஜனம் அவரை மொய்த்தது. "ஏம்மா, அந்த மருமகப் பொண்ண இன்னாத்துக்கு இந்தப் பாடு படுத்துற?"

பக்கத்தில் கைகூப்பி நின்ற பர்வீனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடிகையை ஒட்டி நின்ற பூக்காரம்மா தன் போனைப் பர்வீன் கையில் திணித்தார். "அக்கா, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடு."

பர்வீனின் கணவர் சாதிக்குக்குக் கோபம். "இன்னாண்ணா இது? கேண்டிடேட்டப் போயி போட்டோகிராபர் ஆக்கிட்டாங்க."

நான் பர்வீனிடம் சொன்னேன். "எடும்மா. எல்லாருக்கும் நீயே எடு. எடுக்கறதுக்கு முன்னாடி பேரக் கேளு, தெருவக் கேளு."

முகம் சுருங்கியது. ஆனாலும் எடுத்தார். "உங்க பேரு இன்னாக்கா? எந்தத் தெரு? தண்ணி ஒழுங்கா வருதா? கொஞ்சம் சிரிங்க…"

போட்டோவில் நிற்பவர் யாரைப் பார்த்துச் சிரிப்பார்? எடுக்கிறவரைத்தானே. அன்றைக்கு அத்தனை பேரும் பர்வீனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

மறுநாள் பூக்காரம்மா கடைக்குள் வந்து போனை நீட்டினார். "எப்டி கீது? எடுத்தது யாரு தெரிமா? நம்ம பர்வீனு."

ஸ்டார் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுப்பார். ஓட்டை நாம்தான் வாங்க வேண்டும்.

பர்வீன் ஜெயித்தார். பாராட்டு விழாவில் நடிகைக்கு ஆளுயர மாலை, பித்தளைக் குத்துவிளக்கு — என் கடையில் வாங்கியது. "இந்த வெற்றி மேடம் போட்ட பிச்சை" என்றார் சாதிக். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பர்வீன், நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். நடிகையோடு நீ நிற்கும் போட்டோவை ஆபீஸ் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறாய். பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அதன் கீழே என் பெயரைப் போடு.

யோசனை மட்டுமில்லை, அந்தப் போட்டோவை எடுத்ததும் நான்தான்.