ஜல்லியில் இழுத்த கோட்டு

"இழுங்க! இன்னும் வெரசலா இழுங்க! தேர் இழுக்கற மாதிரி நோகாம இழுத்தா என்னத்தத் தெரியும்?"

மைசூர் மண்டி மொஹல்லாவில் பசவராஜின் பழஞ்சாமான் கடைக்கு முன்னால், ரோடு போடக் கொட்டிக் கிடக்கும் ஜல்லியின் மேல் ஒரு மனிதர் ஒருக்களித்துப் படுத்தபடி கத்துகிறார். அவருடைய ஒரு காலைப் பசவராஜ் பிடித்திருக்கிறார். மறு காலைக் கடைக் கூலி தொட்டையன். இருவரும் மூச்சு வாங்க அவரைச் சந்தின் அந்தக் கோடி வரைக்கும் இழுத்துப் போகிறார்கள். தெருக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போகிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள்தான் "ஐயையோ, என்ன ஆச்சு?" என்று ஓடி வருவார்கள். ஒன்றும் ஆகவில்லை. சென்னிமலை கோட்டு வாங்குகிறார், அவ்வளவுதான்.

கோட்டு வாங்க வந்தால் மற்றவர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், கண்ணாடி முன் நின்று தோளைக் குலுக்கிப் பார்ப்பார்கள். சென்னிமலை போட்டுக்கொண்டு ஜல்லியில் படுப்பார். எழுந்ததும் தூசிகூடத் தட்டாமல் கோட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். முழங்கைப் பக்கம் ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தால் போச்சு. "வேண்டாமுங்க. இது கண்ணாலத்துக்குப் போட்டுக்கிட்டுப் போற கோட்டு. கீழ விழுகறதுக்கு ஆகாது."

"ஏன் அண்ணா, நீ இழுத்துக் கிழிச்சதை நான் யார் தலையில கட்டறது? பேடா அண்ணா, பேடா!" என்று, வேண்டாம் வேண்டாமெனக் கன்னடத்தில் பசவராஜ் கையெடுத்துக் கும்பிடுவார். கும்பிட்ட கையாலேயே அடுத்த கோட்டையும் எடுத்துக் கொடுப்பார். அவருக்கும் வேடிக்கை வேண்டியிருந்தது.

சென்னிமலைக்குச் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம், குடியிருப்பது இதே மண்டி மொஹல்லாவில். நாற்பதைத் தொடும் வயது, கட்டைக்குட்டையான உடம்பு, காற்றில் பறக்காமல் இருக்க எண்ணெய் தடவி ஒட்டவைத்த மீசை. அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பெரிய யுத்தத்தில் ஓடி, ஏலத்தில் கை மாறி, எலும்பும் தோலுமாக அவரிடம் வந்து சேர்ந்த வண்டி. அதற்கு அவர் உயிர் கொடுத்தார். பதிலுக்கு அது அவருக்குச் சோறு போடுகிறது. மைசூரில் பட்டுப்பூச்சிகளை முட்டையிட வைக்கும் ஒரு கொட்டகை உண்டு. அங்கே முட்டை ஒட்டிய காகிதங்களை வாங்கிக் கூடையில் அடுக்கி, கொள்ளேகால் பக்கத்தில் புழு வளர்க்கும் வீடுகளுக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் அவர் தொழில். மாட்டு வண்டியில் போனால் வெக்கையில் வழியிலேயே முட்டை பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு இலை கிடைக்காவிட்டால் அத்தனையும் பாழ். பஸ்ஸோ, கிளம்பினால்தான் கிளம்பியது என்று நம்பலாம்.

"என்ற வண்டியில ஏறுன முட்டை வழியில பொரிஞ்சதே இல்லீங்க" என்பார் சென்னிமலை. காப்பிக் கடையில் சொல்வார், சவரக் கடையில் சொல்வார், மைசூர் சமஸ்தானத்து எல்லைச் சாவடிச் சேவகர் கேட்காமலே அவரிடமும் சொல்வார். மனிதருக்கு அந்த ஒரு வாக்கியத்தில் அப்படி ஒரு கர்வம். இருக்கட்டுமே, உண்மைதானே!

கோட்டுப் பைத்தியம் பிடித்தது போன ஆடியில். மூகூர் வளைவில் மழைச் சேற்றில் வண்டி வழுக்கி, வலது முழங்கையிலிருந்து இடுப்பு வரை ஜல்லி அவரைச் சீவி எடுத்துவிட்டது. மனைவி பழனாத்தாள் விளக்கைக் கிட்ட வைத்துக்கொண்டு, ஊசி முனையால் தோலுக்குள்ளிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தாள். எடுத்து முடித்துவிட்டு அவரை மாதேஸ்வரன் சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"இன்னொருக்கா இந்த ஒடம்புல ரோட்டுக் கல்லு ஏறுச்சுன்னா, அந்த வண்டி நம்ம வாசல்ல நிக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க மாமா."

மாதேஸ்வரன் பேரில் பொய்ச் சத்தியம் பண்ண அந்தப் பக்கத்துக்காரர் யாருக்கும் துணிச்சல் வராது. பண்ணினார். அன்றிலிருந்து தினமும் வண்டி வந்து நின்றதும் முதலில் சோதனை, அப்புறம்தான் சோறு. சட்டையைக் கழற்றிக் கிணற்றடியில் நிற்க வேண்டும். பழனாத்தாள் முழங்கை, தோள், முதுகு, முழங்கால் என்று கையால் தடவிப் பார்ப்பாள். "எல்லைச் சாவடியில கூட இத்தனை சோதனை இல்லீங்க" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். உள்ளுக்குள் பயம்தான். வண்டி இல்லாத சென்னிமலையை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே விழுந்தாலும் தோல் கிழியாத ஒன்றை உடம்பில் மாட்டியாக வேண்டும். கம்பளிக் கோட்டுகளை ஜல்லி நார் நாராக்கியது. கித்தான் துணி ஒரே இழுப்பில் பல்லைக் காட்டியது. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் காலில் கட்டும் பட்டையை ஒரு நாள் கட்டிக்கொண்டு வண்டியேறினார். முழங்கால் மடங்கவில்லை, பிரேக்கை மிதிக்க முடியாமல் நேரே வைக்கோல் போரில் போய் நின்றார். கடைசியில் போலோ ஆட்டக்காரர்களின் முழங்கால் கவசமும், தலைக்குத் துரைமார் போடும் கெட்டியான சோலா தொப்பியும் அமைந்தன. தசராவுக்கு முன்னால் வந்து சேர்ந்தது அந்தத் தோல் கோட்டு. குதிரைப்படைக்காரன் எவனோ போட்டுக் கழித்தது, எருமைத் தோல், முழங்கையில் இரட்டை மடிப்பு. சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்தார்கள், திரும்பவும் இழுத்தார்கள். கல்தான் நொறுங்கியது.

ஆகா, அன்று அவரைப் பார்த்திருக்க வேண்டும்! தசரா ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் யானையைப் பார்த்ததோ இல்லையோ, கோட்டும் தொப்பியுமாக ஓரத்தில் நின்ற சென்னிமலையைப் பார்த்தது. தோல் விறைக்காமலிருக்க ராத்திரி தவறாமல் மீனெண்ணெய் பூசினார். அவர் சந்து திரும்புவதற்கு முன்பே வாடை வந்து கதவைத் தட்டும். "நாறுனா நாறட்டும். தோலு முழுசா வருதில்ல?" என்று பழனாத்தாள் பொறுத்துக்கொண்டாள்.

அந்தக் கர்வத்தில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். இவ்வளவு நல்ல கவசம் தனக்கு மட்டும் எதற்கு என்று, முட்டைக் காகிதங்களைக் கூடையில் வைக்காமல் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். உடம்போடு முட்டையும் பத்திரமாம்!

கொள்ளேகாலுக்கு அப்பால் புழு வளர்க்கும் சாமியாத்தாளின் வீட்டு வாசலில் வண்டி நின்றது. புழு இருக்கும் வீடு என்றால் சும்மாவா? கால் கழுவாமல் உள்ளே போக முடியாது, புகையிலை போட்ட வாயோடு போக முடியாது, பக்கத்து அடுப்பில் மிளகாய் தாளித்தால்கூடச் சண்டைக்குப் போவார்கள். சாமியாத்தாள் படியிலேயே கையை நீட்டித் தடுத்தாள்.

"நில்லு சாமி. என்ன வாடை இது?"

"கோட்டுங்க ஆத்தா. எருமைத் தோலு. மீனெண்ணெ போட்டுப் பதமா வெச்சிருக்கறேன்."

அவள் காகிதத்தை வாங்கி முகர்ந்தாள். முகம் கோணிப் போயிற்று. "இத உள்ள கொண்டு போனா, தட்டுல இருக்கற புழுவுஞ் சேந்து எலையத் தொடாதப்பா. எடுத்துக்கிட்டுப் போயிரு. இந்தக் கோட்டோட வர்றதா இருந்தா என்ற படி ஏறாத."

அடுத்த வீட்டிலும் அதே பேச்சு. அதற்கடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. மைசூருக்குத் திரும்பி வந்து பிரித்துப் பார்த்தபோது காகிதம் முழுக்கக் கறுப்பாக, எறும்புத் தலை போல, உடம்புச் சூட்டில் பொரிந்த குஞ்சுகள் நெளிந்துகொண்டிருந்தன. வழியில் பொரிந்ததே இல்லை என்ற வாக்கியத்தை இனி எந்தக் காப்பிக் கடையில் சொல்வது?

கோட்டைப் போட்டால் தொழில் இல்லை. போடாவிட்டால் சத்தியம் என்றைக்கு உடையும் என்று தெரியாது. அன்று சோதனைக்கு நிற்கும்போது அவரே சொல்லிவிட்டார். "வண்டிய வித்துப் போடலாம் அம்முணி."

"நான் சொல்றப்ப வித்தாப் போதும். இப்ப வந்து சோத்தத் தின்னுங்க" என்றாள் பழனாத்தாள்.

மறுநாள் அவள் முட்டைக் கொட்டகையின் பின்பக்கம் போனாள். பூச்சி வெளியேறும்போது பட்டுக்கூட்டைப் பொத்தலாக்கிவிட்டுப் போகும். பொத்தல் கூட்டில் நூல் எடுக்க முடியாது, குப்பைதான். அதைச் சாக்கு நிறைய வாங்கி வந்தாள். சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, அலசி அலசி, வெயிலில் காயப்போட்டு, ஒவ்வொரு கூட்டையும் விரலில் மாட்டி வலை போல விரித்து இழுத்தாள். விரித்ததன் மேல் விரித்ததை அடுக்கினாள். தடித்த நாட்டுத் துணி இரண்டுக்கு நடுவில் அதை வைத்து, நெருக்க நெருக்கத் தையல் போட்டாள். முழங்கைக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் இரட்டை அடுக்கு. எங்கெங்கே கனமாக வேண்டும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. தான் கல்லெடுத்த இடம் அவளுக்குத் தெரியாதா?

வேலை முடிந்ததும் அது கோட்டு மாதிரியே இல்லை. அங்கங்கே புடைத்து, அழுக்கு மஞ்சளில், காலரும் இல்லாமல், கோணல் பொத்தான்களோடு இருந்தது. வாடை மட்டும் இல்லவே இல்லை.

"அய்யோ தேவரே! படுக்கை எழுந்து நடந்து வர்துதே!" என்று பசவராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சந்தே சிரித்தது. சென்னிமலை ஜல்லியில் படுத்தார். இழுத்தார்கள். மேல் துணி பிசிறியது, உள்ளே இருந்த பட்டு நெகிழ்ந்து கொடுத்ததே தவிர அறவில்லை. வெயிலுக்கு நேரே பிடித்தால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கடைவாசலில் சிரிப்பு மெதுவாக அடங்கியது.

ஆனாலும் மனிதருக்கு வெட்கம் போகவில்லை. தசராவில் எருமைத் தோலில் நின்றவர் மெத்தையில் போவதா? பெரிய காக்கிச் சட்டை ஒன்று வாங்கி அதன் மேல் போட்டு மறைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். பழனாத்தாள் அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். மெத்தைக் கோட்டைத் துவைத்தால் நாலு பேர் கண்ணில் படாமல் கிணற்றடிக் கொடியில் காயப்போட்டாள். அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்திருக்கும்.

சாமியாத்தாள் காகிதத்தை முகர்ந்தாள், அவரை முகர்ந்தாள், படியேற விட்டாள். தொழில் பிழைத்தது.

தை மாதம். களம் இல்லாதவர்கள் கேழ்வரகுத் தாளை ரோட்டிலேயே பரப்பி, போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று விட்டுவிடும் காலம். அதே மூகூர் வளைவு. தாளின் மேல் சக்கரம் ஏறியதும் வண்டி ஒரு பக்கம், சென்னிமலை ஒரு பக்கம். வலது முழங்கை கீழே இருக்க, ரோட்டில் அவர் சறுக்கிக்கொண்டே போனார். பசவராஜும் தொட்டையனும் இழுத்த இழுப்பெல்லாம் அன்று விளையாட்டாகிப் போயிற்று.

எழுந்து நின்றார். வலப் பக்கம் காக்கிச் சட்டையே இல்லை. கை நெருப்பாக எரிந்தது. கோட்டைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை. கூடையைத் திறந்து முட்டைகளைப் பார்த்தார். முழுசாக இருந்தன. கொண்டு போய்ச் சேர்த்தார். அப்புறம் வண்டியை மெதுவாக, மிக மெதுவாக, வீட்டுக்கு ஓட்டி வந்தார். அதை ஓட்டுவது இன்றோடு சரியோ என்னவோ, யாருக்குத் தெரியும்?

வாசலில் நின்றவரைப் பார்த்ததும் பழனாத்தாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள். கோட்டைத் தானே கழற்றினாள். முழங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். கன்றிச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தித் தடவினாள், ஒரு முறை, மறுபடி ஒரு முறை. தோளைத் தடவினாள், இடுப்பைத் தடவினாள். சென்னிமலை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"கல்லு இல்ல மாமா" என்றாள். "ஒரு கல்லுகூட இல்ல."

அவர் கோட்டைப் பார்த்தார். மேல் துணி போயிருந்தது. பட்டின் முதல் அடுக்கு பஞ்சாகப் பிரிந்து தொங்கியது, இரண்டாவது பாதி. அதற்குக் கீழே அவள் போட்ட தையல் வரி வரியாக அப்படியே நின்றது. பழனாத்தாள் அதை வாங்கி உதறி, வழக்கம்போலக் கிணற்றடிக் கொடியில், கிழிசல் உள்பக்கமாக இருக்கும்படி மடித்துப் போட்டுவிட்டு, சோறு வைக்க உள்ளே போனாள்.

சென்னிமலை கொடியிலிருந்து கோட்டை எடுத்தார். வீட்டின் ஊடாக நடந்து வாசலுக்கு வந்தார். தசராவிலிருந்து அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த எருமைத் தோல் கோட்டைக் கழற்றிக் கீழே போட்டார். போகிற வருகிற மண்டி மொஹல்லா முழுக்கப் பார்க்கட்டும் என்று, மெத்தைக் கோட்டைக் கிழிந்த பக்கம் தெருவைப் பார்க்க அந்த ஆணியில் மாட்டினார்.