இலங்கைக்குக் கொண்டுபோன பிடிமண்

கடந்த ஜனவரியில் நானும் என் கணவரும் ஆறு நாள் இலங்கை போய் வந்தோம். ராஜபாளையத்திலிருந்து மதுரை விமான நிலையம் காரில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து கொழும்பு ஒரு மணி நேரம்தான். சென்னைக்குப் போவதைவிடப் பக்கம். வேறு பெரிய காரணம் இல்லை. போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சிகிரியா பாறைக்கோட்டையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் வேறொன்று வந்து நிற்கிறது.

வேன் ஓட்டுநர் சுந்தரத்திடம் ஒரு மாதம் முன்பே போனில் பேசிவிட்டேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயனில் பிறந்தவர். என் ஊரைச் சொன்னதும் அவர் குரலே மாறியது.

“அக்கா, எங்க ஆளுங்க உங்க ஊருக்குப் பக்கத்துச் சேத்தூர்ல இருந்து வந்தவங்க. குலசாமி உங்க மலை அய்யனார்தான். இங்க ஒரு கல்லு நட்டுக் கும்பிடுறோம். அடியில பிடிமண் இல்ல. மண்ணு வர்ற வரைக்கும் அது வெறுங் கல்லுதான்க்கா. ஒரு பிடி கொண்டாருவீங்களா?”

ஊர் பெயர்ந்து போகிறவர்கள் மூலக்கோவிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய், அதன்மேல் பீடம் எழுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சரி என்றேன். வேலையை அண்ணன் மனைவியிடம் தள்ளினேன். மதினி ஒரு வாரம் கவிச்சி தொடாமல் இருந்து, அய்யனார் கோவிலுக்குப் போய், பூசாரியிடம் கேட்டு வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து தந்தார்.

“ஏட்டி, பால்கோவாவோட சேத்துத் திணிச்சிராத. தனியா வை. அவிய எம்புட்டு காலமாக் காத்துக் கெடக்காவளோ.”

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுவாக்கில், மண், விதை, செடி எதையும் அனுமதியில்லாமல் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார். இறங்கியதும் கழிப்பறைக் குப்பைத்தொட்டியில் மண்ணைக் கொட்டினேன். துணியை மட்டும் மடித்து வைத்துக்கொண்டேன். வெளியே வந்து நடந்ததைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். “கொண்டாந்துட்டீங்களாக்கா?” என்று சுந்தரம் கேட்டார். “ம்” என்றேன்.

அன்று மாலை நீர்கொழும்புக் கடற்கரை விடுதித் தோட்டத்தில், ஒரு குரோட்டன்ஸ் செடியின் அடியில் ஒரு பிடி அள்ளி அதே துணியில் முடிந்தேன். மண் மண்தானே என்று நினைத்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் சிகிரியா, நான்கு மணி நேரப் பயணம். காலை ஏழு மணிக்கே பாறை ஏறத் தொடங்குங்கள்; பத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் தாங்காது. இந்தியர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். புத்தரின் பல் வைத்திருக்கும் கண்டி தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை. அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் ரம்பொடை அருவி. சுந்தரத்தின் தோட்டம் அதற்குப் பக்கத்து மலையில்.

லயன் வீடுகளின் முன்னால் பதினைந்து பேர் தலைகுளித்து ஈரத்தோடு நின்றார்கள். சுந்தரத்தின் அக்கா பாக்கியம் தேயிலை பறிப்பவர், எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். நான் முடிச்சை நீட்டியதும் சுந்தரத்துக்கும் விழுந்தது.

“டேய் தம்பி, ஒத்தக் கையால வாங்குற, டிப்ஸா வாங்குற? ரெண்டு கையையும் நீட்டுடா!”

முடிச்சை வாழை இலையில் அவிழ்த்தார்கள். மண்ணுக்குள் நகக்கண் அளவில் ஒரு வெள்ளைச் சிப்பி கிடந்தது. அது நீர்கொழும்புக் கடற்கரைச் சிப்பி. பாக்கியம் அதை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“பாருங்க! கடல் தாண்டித்தான் வந்தேன்னு அய்யனாரு அடையாளம் காட்டிட்டாரு!”

குலவைச் சத்தம் எழுந்தது. என் நெற்றியில் திருநீறு பூசினார்கள். அன்றைக்கு நான் கொடுத்ததில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒன்றுதான் உண்மையில் எங்கள் பக்கத்திலிருந்து வந்தது. மறுநாள் காலை கொத்தனார் வந்து பீடம் கட்டுவதாகப் பேச்சு.

நுவரெலியா போகும் வழியில் கணவர் பின்னிருக்கையில் தூங்கிவிட்டார். அப்போதுதான் சுந்தரத்திடம் சொன்னேன். அவர் வேனை ஓரமாக நிறுத்தினார்.

“அக்கா, நீங்க வெறுங்கையோட வந்திருந்தாலும் சோறு போட்டிருப்போமே” என்றார்.

பிறகு கீழே இறங்கி பாக்கியத்துக்குப் போன் செய்தார். “கொத்தனார வரவேணான்னு சொல்லு. அது நம்ம மண்ணு இல்ல.” மறுமுனையில் என்ன கேட்டார்களோ, “தெரியாம நடந்துபோச்சு” என்று மட்டும் சொன்னார். வேனை எடுத்தவர், எதிர்ப்பட்ட ஒவ்வொரு அருவிக்கும் முன்போலவே வேகத்தைக் குறைத்துப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது சிரமமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: நுவரெலியாவில் இரவில் நன்றாகக் குளிரும், கம்பளி எடுத்துப் போங்கள். மண் கொண்டுபோக முன்அனுமதி வேண்டும். அதை விசாரிக்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். முடியாது என்று சொல்வதில் கேவலம் ஒன்றுமில்லை.

போன வாரம் சுந்தரம் ஒரு படம் அனுப்பினார். பீடத்துக்குத் தோண்டிய குழியைத் தகரத்தால் மூடி, மேலே பாரத்துக்குக் கல் வைத்திருக்கிறார்கள். ‘மழைத் தண்ணி இறங்காம மூடி வச்சிருக்கோம்’ என்று கீழே எழுதியிருந்தார்.

பீடம் கட்டியாச்சா என்று மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். நேற்று அந்தப் படத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“அனுமதிக்கு எங்க எழுதணுமோ எழுது. மண்ணு நான் எடுத்துத் தாரேன். கொண்டுபோறதுக்கு மட்டும் வேற ஆளப் பாரு.”